கொழிஞ்சி போன கதை

போன மாதம் ஒரு காலை, எடமலைப்பட்டி புதூர் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவு வளர்ந்திருந்த தக்கைப்பூண்டை அரிவாளால் வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி, மண்வெட்டியால் மண்ணுக்குள் மடக்கிக் கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நண்பர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஒன்றரை மாசம் தண்ணி ஊத்தி வளர்த்துட்டு, பூக்குற நேரத்துல வெட்டிப் புதைக்கிறீங்க?"

"பூக்க விட்டா தண்டு முத்திடும் சார். மண்ணுக்குப் போடத்தான் வளர்த்தேன்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இதுக்கு அரை கிலோ யூரியா போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் 55 ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தையை நான் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் எங்கள் வீட்டுக் கதை மட்டும் தனியாக வர மறுக்கிறது. தழை எருவின் கதையையும் சேர்த்து இழுத்துக் கொண்டுதான் வருகிறது.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம், அய்யன் வாய்க்கால் பாசனம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, வயலில் ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெற்பயிரின் மேலேயே கொழிஞ்சி விதையைத் தூவி விடுவார்கள். கொழிஞ்சி விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. அதனால் அப்பா முதல் நாள் ராத்திரி ஆற்று மணலைக் கலந்து சாக்கில் போட்டுத் திண்ணையில் வைத்துத் தேய்ப்பார். சாக்கின் மறுமுனையைப் பிடித்துக் கொள்வது என் வேலை. தோலில் கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் விதை முளைத்துவிடும்.

அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கும்போது அதன் நடுவே கொழிஞ்சி சிறு சிறு கன்றாக எழும்பியிருக்கும். மேட்டூர் அணை ஜனவரி 28 வாக்கில் மூடினால் திரும்ப ஜூன் 12க்குத்தான் திறப்பு. இடையில் வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, கொழிஞ்சி மட்டும் ஆழமாக வேர் விட்டுப் பச்சையாக நிற்கும். கசப்பு இருப்பதால் மாடு வாய் வைக்காது. வேலி வேண்டாம், காவல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஊதாப் பூ பூத்து, தட்டையான காய் காய்த்து, கொஞ்சம் விதையைத் தானே உதிர்த்துக் கொள்ளும். ஆனி மாதம் தண்ணீர் வந்ததும் வயலில் நீர் கட்டி, மர ஏரால் உழுது சேற்றில் அமுக்குவார்கள். நாலைந்து நாளில் ஒரு வாடை வரும். சொல்லப் போனால் நாற்றம்தான். ஆனால் அந்த வாடை வந்தால் அப்பாவின் முகம் மலர்ந்துவிடும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லி விடுகிறேன், பலரும் குழப்பிக் கொள்கிறார்கள். அதே வயலில் விதைத்து அங்கேயே மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு, அவுரி, நரிப்பயறு எல்லாம் அதில் சேரும். வேறிடத்திலிருந்து இலை தழைகளை வெட்டி வந்து வயலில் போட்டு மிதித்தால் பசுந்தழை உரம். வேம்பு, புங்கு, பூவரசு, எருக்கு, ஆவாரை, வாதநாராயணன் இவையெல்லாம் அந்த வகை. எங்கள் ஊரில் இரண்டும் உண்டு. தழை மிதிக்கிற நாளில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று சேற்றில் காலால் அமுக்கிக் கொண்டே போவார்கள். எருக்கம்பால் பட்டு எனக்கு ஒரு முறை கால் புண்ணாகிப் போனது தனிக்கதை.

உரம் என்ற சொல்லே இந்தப் பொருளில் பிற்பாடு வந்ததுதான். பழைய தமிழில் உரம் என்றால் வலிமை. வயலுக்குப் போடுவது எரு. உழவை விட எரு இடுவது மேல் என்று வள்ளுவர் சொல்லி வைத்தபோதும் சொல் எருதான். அப்பா கடைசி வரை சாணக் குப்பையை எரு என்றும், கடையில் வாங்குவதை உரம் என்றும்தான் சொன்னார். இரண்டையும் அவர் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

தழை போட்டால் மண் ஏன் வளமாகிறது என்பது உலகத்துக்கு வெகு காலம் தெரியாது. ஆனால் செய்து கொண்டுதான் இருந்தார்கள். கிரேக்க நாட்டில் தியோபிராஸ்டஸ் காலத்திலேயே, அதாவது 2300 ஆண்டுகளுக்கு முன்பே, அவரைச் செடி பூக்கும்போது மடக்கி உழும் வழக்கம் இருந்திருக்கிறது. ரோமாபுரியில் லூபின் என்ற பயறு வகைச் செடியை அதற்கு வைத்திருந்தார்கள். 1909இல் சீனா, கொரியா, ஜப்பானைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங், அங்கே நெல்லுக்கு முன் ஒரு வகைப் பயறுச் செடியை வளர்த்து மண்ணுக்குக் கொடுப்பதைப் பார்த்து வியந்து, நாற்பது நூற்றாண்டு உழவர்கள் என்ற பெயரில் புத்தகமே எழுதினார். காரணம் பிடிபட்டது 1886இல்தான். ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், பயறு வகைச் செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன என்று நிறுவினார்கள். தக்கைப்பூண்டைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் சிறு மணிகள் போலத் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது இப்போது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

அந்தக் கண்டுபிடிப்பு வந்து மூன்றாம் ஆண்டு, 1889இல், ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியல் நிபுணர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தார். இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்லும்படி அரசாங்கம் அனுப்பிய ஆள். ஒரு வருஷத்துக்கு மேல் நாடெங்கும் சுற்றிவிட்டு 1893இல் அவர் கொடுத்த அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்தபடி இல்லை. இந்திய உழவனுக்கு விவசாயம் தெரியாது என்பது தப்பு, பல இடங்களில் அவன் நம்மூர்க்காரனுக்குச் சளைத்தவன் அல்ல, அவனுக்குக் குறை எருதான் என்று எழுதினார். விறகு கிடைக்காததால் சாணியை வரட்டி தட்டி எரிக்கிறார்கள், அதனால் நிலத்துக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போகிறது என்பது அவர் கண்ட முக்கியமான விஷயம். ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்த்துக் கொடுங்கள் என்றார். நம் சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் காடுகள் ஒதுக்கப்பட்டு, விறகும் தழையும் இஷ்டம் போல் எடுக்க முடியாமல் போயிருந்த காலம் அது.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. கொல்லைச் சுவர் முழுக்க வரட்டி. அப்பா சாணியெல்லாம் குப்பைக் குழிக்குப் போக வேண்டும் என்பார். அம்மா, "அப்ப அடுப்புல எதை வைக்கிறது, உங்க கொழிஞ்சியையா?" என்பார். வோல்க்கர் பல பக்கங்களில் சொன்னதை அம்மா ஒரே வரியில் கேட்டு விடுவார். கொழிஞ்சி எங்கள் வீட்டில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாணி அடுப்புக்குப் போனாலும் வயலுக்கு வேறு ஒன்று இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, ஆட்டுக்கிடை. கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக் கொண்டு காவிரிக் கரைக்கு வருவார்கள். ராத்திரியில் வயலில் பட்டி போட்டு ஆடுகளை அடைப்பார்கள். ஒரு ராத்திரிக்கு இத்தனை என்று நெல்லாகக் கூலி. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பழமொழி. ஆட்டுப் புழுக்கையின் பலன் உடனே தெரியும், சாணத்தின் பலன் மட்கித் தெரிய ஒரு வருஷம் ஆகும் என்பது அதன் பொருள்.

சர்க்கார் பண்ணைகள் எல்லாம் இந்தப் பழைய வழக்கங்களைத்தான் முதலில் சோதித்துப் பார்த்தன. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்வி 1906ஐ ஒட்டிக் கோயம்புத்தூருக்குப் போனது. 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. அதே சமயம் மூட்டை உரமும் மெல்ல நுழைந்து கொண்டிருந்தது. 1906இலேயே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

வடக்கே பூசாவுக்கு 1905இல் வந்த ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற வெள்ளைக்காரரைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பாடம் சொல்ல வந்தவர், பக்கத்து உழவர்களைத் தன் வாத்தியார்களாக ஏற்றுக் கொண்டேன் என்று பிற்பாடு எழுதியவர். பசுந்தாள் உரத்தைப் பூசாவில் பல வருஷம் போட்டுப் பார்த்தார். நமக்கு உபயோகமான விஷயம் இதுதான்: அது எல்லா இடத்திலும் எல்லா வருஷத்திலும் பலன் தராது என்று கண்டார். மண்ணில் ஈரம் போதாவிட்டால் தழை மட்காது. மட்க நேரம் கொடுக்காமல் அடுத்த பயிரை வைத்தால், தழையை மட்க வைக்கும் நுண்ணுயிர்களே பயிருக்கான சத்தைப் பிடுங்கிக் கொள்ளும். அதனால்தான் வயலுக்கு வெளியே மட்க வைத்துக் கொண்டு போய்ப் போடலாம் என்று யோசித்து, 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது இந்தூர் கம்போஸ்ட் முறையை உருவாக்கினார். அதன்பின் 1939இல் பெங்களூரில் சி. என். ஆச்சாரியா நகரக் குப்பையை மட்க வைக்க வேறொரு முறை வகுத்தார். 1943இல் யுத்தகாலப் பஞ்சத்தின்போது அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கியபோது, ஊராட்சிகளும் நகராட்சிகளும் கம்போஸ்ட் குழி வெட்டின.

சுதந்திரம் வந்த 1947இல் ஆல்வாய் அருகே ஃபாக்ட் தொழிற்சாலையில் அமோனியம் சல்பேட் உற்பத்தி. 1951இல் சிந்திரி. 1960ஐ ஒட்டித் தஞ்சாவூர் ஜில்லாவைப் பேக்கேஜ் திட்டத்தில் சேர்த்தார்கள். நல்ல விதை, உரம், கடன், யோசனை எல்லாம் ஒரே பொட்டலமாக. ஆடுதுறை 27 நெல் 1965இல் வந்தது. அடுத்த வருஷம் ஐ.ஆர். 8. நாங்கள் அப்போது திருச்சி ஜில்லா, ஆனால் தஞ்சாவூரில் மழை பெய்தால் எங்கள் ஊரில் தூறல் விழுந்துதானே தீரும். கிராம சேவகர் சைக்கிளில் வந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசுவார். அப்பா மோர் கொடுத்து, கேட்டுக் கொண்டு, கொழிஞ்சியே விதைப்பார்.

அப்பாவை மாற்றியது கிராம சேவகர் இல்லை, நான்தான். 1970இல் எனக்குப் பதினாறு வயது, உயர்நிலைப்பள்ளியில் கடைசி வகுப்பு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று படித்துவிட்டு வந்த மிதப்பு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து என்று மனப்பாடம்.

"அப்பா, அஞ்சு மாசம் நிலத்தைச் சும்மா போட்டு இந்தச் செடியை வளர்க்கிறீங்க. ஒரு மூட்டை யூரியா இதைச் செஞ்சிடும். கோடையில உளுந்து போட்டா காசாவது வரும்."

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ படிச்சவன். சரியாத்தான் இருக்கும். ஒரு ஏக்கர்ல போட்டுப் பார்ப்போம்" என்றார்.

அந்த ஒரு ஏக்கரில் ஐ.ஆர். 8 போட்டோம். மற்ற இரண்டில் பழையபடி கொழிஞ்சியும் நெட்டைச் சம்பாவும். அப்பாவின் கணக்கு நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பென்சிலால் எழுதியது, மங்கிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. பழைய வயலில் ஏக்கருக்கு 16 மூட்டை. புது வயலில் 25. அடுத்த வருஷம் மூன்று ஏக்கரிலும் யூரியா. நோட்டில் கொழிஞ்சி விதைக்கான வரி அதற்கு முந்தைய பக்கத்தோடு நின்று போகிறது.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது அன்று எனக்குச் சரியாகத் தெரியாது. யூரியாவின் மகிமை என்று நினைத்துக் கொண்டேன். பாதிதான் உண்மை. பழைய நெல் இடுப்புக்கு மேல் வளரும். தழைச்சத்து கூடினால் இன்னும் உயரமாகிக் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். கொழிஞ்சி மெதுவாகக் கொடுத்ததே அதற்கு அளவு. குட்டை ரகம் சாயாது, எவ்வளவு போட்டாலும் நெல்லாக்கிக் காட்டும். ஆக விதையும் மூட்டையும் ஜோடியாக வந்தன, ஒன்றில்லாமல் மற்றதற்கு வேலை இல்லை. அம்மாவுக்கு அந்த அரிசி பிடிக்கவே இல்லை. "கொட்டைக் கொட்டையா, ஆறினா வெறைச்சுக்குது" என்று புலம்பினார். பிறகு ஐ.ஆர். 20 வந்து அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது.

இதை எழுதும்போது அந்த ஒன்பது மூட்டையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. என் கல்லூரிப் படிப்பு அதில்தான் நடந்தது. அக்கா கல்யாணம் அதில்தான் நடந்தது. இயற்கை விவசாயம் பேசுகிற இளைஞர்கள் சிலர், அந்தக் காலத்து விவசாயிகள் ஏமாந்து போனார்கள் என்கிறார்கள். 60களில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கொழிஞ்சி ஏன் போனது என்று இன்னும் தெளிவாகத் தெரியும். போன மாதம் நான் மடக்கிய தக்கைப்பூண்டைச் சாக்கில் கட்டித் தராசில் நிறுத்தேன். ஏறக்குறைய ஒரு சென்ட் இடத்தில் 70 கிலோ. நல்ல வயலில் சென்டுக்கு 100 கிலோ வரை வரும் என்பார்கள், என் மண்ணுக்கு இவ்வளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்த எடை 14 கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று தழைச்சத்து என்றால் 420 கிராம். கிட்டத்தட்ட 900 கிராம் யூரியாவுக்குச் சமம். 45 கிலோ யூரியா மூட்டை இன்றைக்கு மானியம் போக 266 ரூபாய் 50 காசு. ஆக ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய வெட்டிப் புதைத்ததன் மதிப்பு ஐந்தரை ரூபாய்! பக்கத்து வீட்டு நண்பர் சொன்னதில் கணக்குப் பிசகு இல்லை. ஆள் கூலி கொடுத்துத் தழை மிதித்த விவசாயி எப்படித் தாக்குப் பிடிப்பான்? அதோடு கோடையில் உளுந்தும் பயறும் காசு கொடுத்தன. மோட்டார் வைத்தவர்கள் மூன்றாம் போகமே போட்டார்கள். கொழிஞ்சி நின்ற அந்த ஐந்து மாத இடைவெளியே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப் போனது ஒன்று. 900 கிராம் யூரியாவில் தழைச்சத்து இருக்கிறது, மண்ணை மண்ணாக வைத்திருக்கும் மட்கு இல்லை. பதினாலு கிலோ காய்ந்த தழை மண்ணுக்குள் போய், மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனியாகி, மண்ணைப் பொலபொலப்பாக்கி, தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்கு நோட்டில் பத்தி கிடையாது. 80களின் நடுவில் ஒரு லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பா வரப்பில் உட்கார்ந்து, "மண்ணு ஏரைக் கடிக்குதுடா" என்றார். முன்பு ஒரு மூட்டை போட்ட இடத்தில் இப்போது இரண்டு போட்டாலும் போன வருஷ நெல் வருவதில்லை என்றும் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. 1992இல் நிலத்தை விற்றோம். அது மண்ணால் அல்ல. அப்பாவுக்கு முடியவில்லை, நான் ரயில்வே வேலையை விட்டு வர இல்லை, அவ்வளவுதான்.

தக்கைப்பூண்டு பலர் நாவில் மறுபடி புழங்க ஆரம்பித்ததற்கு நம்மாழ்வார் ஒரு முக்கிய காரணம். தஞ்சாவூர் ஜில்லா இளங்காட்டில் 1938இல் பிறந்தவர், 60களின் தொடக்கத்தில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, இந்த வழி சரியில்லை என்று வெளியே வந்தவர். 2004 டிசம்பரில் சுனாமி வந்து நாகப்பட்டினம் பக்கம் வயல்களில் கடல் நீர் புகுந்தபோது, இனி அந்த நிலம் தேறாது என்று பலரும் கைவிட்ட சமயத்தில், தண்ணீர் கட்டி உப்பை வடித்து, பசுந்தாள் பயிர் விதைத்து மடக்க வைத்து மீட்டுக் காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பல தானியங்களைக் கலந்து விதைத்து ஒன்றாக மடக்குவதை ஊர் ஊராகச் சொன்னவரும் அவர்தான். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவர் அமைத்த வானகத்துக்கு ஒரு முறை போயிருக்கிறேன். கட்டாந்தரையாக இருந்த இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. 2013 டிசம்பர் 30 அன்று அவர் காலமானார். இப்போது சர்க்காரே 2024இல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்று திட்டம் போட்டுப் பசுந்தாள் விதைக்கு மானியம் கொடுக்கிறது. விஞ்ஞானிகள் கண்ட மணிலா அகத்தி என்ற செடியும் உண்டு. மணிலா என்று பெயர் இருந்தாலும் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் செனகல். வேரில் மட்டும் இல்லாமல் தண்டிலும் முடிச்சு விடும், அதனால் தண்ணீர் நிற்கும் வயலிலும் நைட்ரஜன் பிடிக்கும்.

இனி என் கொல்லை. 1989இல் புதூரில் இந்த மனையை வாங்கினோம். வீடு கட்டிய செங்கல் தூள், சிமெண்டுக் கட்டி, ஜல்லி எல்லாம் கொல்லையில்தான் சமாதி. அடியில் இருந்தது களர் கலந்த மண். திருச்சியில் இந்தப் பக்கத்துக்கும் மணிகண்டம் பக்கத்துக்கும் களர் புதிதில்லை. நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் களர் தாங்கும் நெல் ரகங்களைத் தனியாகவே உருவாக்குகிறார்கள். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். ஓய்வு பெற்ற 2014இல் கத்தரி நட்டேன், முழங்கால் உயரம்கூட வரவில்லை. மண்புழு உரம் என்று ஒருவரிடம் நாலு மூட்டை வாங்கினேன். கொட்டிப் பார்த்தால் பாதி மணல், கண்ணாடிச் சில்லு வேறு.

அப்புறம்தான் தக்கைப்பூண்டு. களர் நிலத்தைத் தாங்கி வளர்வதில் அதற்கு இணை இல்லை. சென்டுக்கு 200 கிராம் விதை போதும். முதல் வருஷம் சோம்பலில் 75 நாள் விட்டுவிட்டேன், தண்டு விறகாகிவிட்டது, ஆறு மாதம் கழித்துத் தோண்டினாலும் குச்சி குச்சியாக வந்தது. இரண்டாம் வருஷம் 45 நாளில் சரியாக மடக்கிவிட்டு, ஆசை தாங்காமல் நாலாம் நாளே தக்காளி நாற்று நட்டேன். தழை மட்கும் சூட்டில் அத்தனையும் வாடி விழுந்தது. ஹோவார்ட் எழுதியதை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் நட்டிருப்பேன் என்று என் மனைவி சொல்கிறாள். மூன்றாம் வருஷம் ஆடு புகுந்து பாதியை மேய்ந்தது. தக்கைப்பூண்டுக்குக் கொழிஞ்சியின் கசப்பு கிடையாதே.

இப்போது முறை படிந்துவிட்டது. பாதி இடத்தில் காய்கறி, பாதி இடத்தில் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு, மாறி மாறி. மடக்கியபின் ஈரம் காயாமல் பதினைந்து நாள் காத்திருப்பு. சமையலறைக் கழிவு ஒரு தொட்டியில் மட்கும். காய்த்து முடிந்த வாழை மரத்தை நறுக்கிப் பாத்தியில் பரப்பி விடுகிறேன். வருஷம் ஒரு முறை வேப்பம் பிண்ணாக்கு. ஏழாம் வருஷம்தான் மண்வெட்டி எதிர்ப்பில்லாமல் இறங்கியது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை எங்கள் இருவருக்குப் போக எதிர் வீட்டுக்கும் போகிறது.

பஞ்சப்பூரில் பேருந்து முனையம் வந்த பிறகு எங்கள் பக்கம் மனை விலை ஏறிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகன் போனில், "கொல்லையில ரெண்டு ரூம் போட்டா வாடகை வரும்பா, இந்த வயசுல மண்ணை வெட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க" என்கிறான். அவன் சொல்வதிலும் கணக்குப் பிசகு இல்லை. அவனிடம் நான் என் அப்பா சொன்னதையே சொன்னேன்: "நீ படிச்சவன். சரியாத்தான் இருக்கும்." அதற்குமேல் பேச்சு வளரவில்லை. முடிவு எடுக்கவும் இல்லை.

மூன்று மாதம் முன்பு காலை நடைப்பயிற்சியில், ரயில் பாதைக்கு வெளியே சரளை மண்ணில் ஊதாப் பூவோடு ஒரு புதர். கிட்டப் போய்ப் பார்த்தேன். கொழிஞ்சி. 50 வருஷத்துக்கு மேல் அதை நான் கையால் தொட்டதில்லை. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, நிற்கிறது. காய் முற்றும் வரை காத்திருந்து ஒரு பிடி பறித்து வந்தேன். விதையை மணலோடு பழைய கால்சட்டைப் பைத்துணியில் கட்டி, பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். மறுமுனையைப் பிடித்துக் கொள்ள ஆள் இல்லாமல் இரண்டு முறை அவிழ்ந்து கொட்டிவிட்டது. மனைவி வந்து பிடித்துக் கொண்டாள்.

கத்தரிப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றியது 40 விதை. நேற்று மாலை வரை 11 முளைத்திருக்கிறது.